வற்று நேரத்து உரிமை: சலீஷ் கடற்கரையில் மட்டி அகழ்ந்த குடும்பங்களின் வரலாறு

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தையும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தையும் தொட்டுக்கொண்டு தீவுகளும் குடாக்களும் நிறைந்த உள்கடல் ஒன்று உள்ளது. பியூஜெட் சவுண்ட், ஹுவான் டி ஃபூகா நீரிணை, ஜார்ஜியா நீரிணை ஆகியவை சேர்ந்த இந்நீர்ப்பரப்புக்குச் ‘சலீஷ் கடல்’ என்னும் பெயரை 2009-2010ஆம் ஆண்டுகளில் இரு நாடுகளும் முறைப்படி ஏற்றன. கரையின் தொல்குடிகள் பலர் பேசும் சலீஷ் மொழிக் குடும்பத்தை ஒட்டி அமைந்த பெயர் இது.

கடல் வற்றும் நேரத்தில் இக்கரைகளில் கணவனும் மனைவியுமாக வாளியும் மண்வாரியும் எடுத்துக்கொண்டு வந்து மட்டி தோண்டுவது இன்று சாதாரணமான வார இறுதிக் காட்சி. ஓரிரு மணி நேர வேலை, ஒரு வேளை உணவு என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை என்று தோன்றலாம். ஆனால் ‘இந்தக் கரையில் யார் தோண்டலாம்?’ என்ற கேள்விக்கு இங்கே காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கிடைத்துள்ளன. முதலில் உறவுமுறை விடை சொன்னது. பிறகு உடன்படிக்கை, நிலப்பத்திரம், நீதிமன்றத் தீர்ப்பு, உரிமச்சீட்டு எனச் சொல்வோர் மாறினர். அந்த மாற்றங்களின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடலும் மட்டியும்

சலீஷ் கடலில் ஒரு நாளில் இரண்டு பெருக்கும் இரண்டு வற்றும் உண்டு. இரண்டு வற்றுகளும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒன்றில் நீர் சிறிதே இறங்கும், மற்றொன்றில் வெகுதூரம் உள்வாங்கும். பியூஜெட் சவுண்டின் தென்கோடியில் உள்ள ஒலிம்பியா நகர்ப் பகுதியில் பெருக்குக்கும் வற்றுக்கும் உள்ள உயர வேறுபாடு 4 மீட்டருக்கும் மேல். சென்னைக் கடற்கரையில் இந்த வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே என்பதோடு ஒப்பிட்டால் இதன் பெருமை விளங்கும். சரிவு குறைந்த கரைகளில் இத்தனை நீர் இறங்கும்போது பரந்த நிலப்பரப்பு சில மணி நேரம் வெளிப்பட்டு, மீண்டும் நீருக்குள் மறைகிறது.

இன்னொரு சிறப்பும் உண்டு. கோடையில் மிகத் தாழ்ந்த வற்றுகள் பகலில் வருகின்றன. குளிர்காலத்தில் அவை இரவில் வருகின்றன. ஆகவே குளிர்காலத்து மட்டி தோண்டும் வேலை பந்த வெளிச்சத்திலும் பிற்காலத்தில் விளக்கு வெளிச்சத்திலும் நடந்தது.

இக்கரையில் கிடைக்கும் மட்டி வகைகள் பல. கனத்த ஓடுடைய பட்டர் மட்டி, மேல்மண்ணிலேயே கிடைக்கும் லிட்டில்நெக் மட்டி, வரிவரியான ஓடுடைய காக்கிள், ஆழத்தில் வாழும் குதிரை மட்டி ஆகியவை முதன்மையானவை. எல்லாவற்றிலும் பெரியது கூயிடக். இதன் பெயர் லஷூட்சீட் மொழியில் ‘ஆழத் தோண்டு’ என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்தில் புதைந்து கிடக்கும் இது 100 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. உள்கடலை விட்டுப் பசிபிக் பெருங்கடலின் திறந்த மணற்கரைக்குச் சென்றால் ரேசர் மட்டி கிடைக்கும். சவரக்கத்தி போல நீண்டு மெலிந்த இது, ஆளரவம் கேட்டால் ஒரு நிமிடத்துக்குள் ஓர் அடி ஆழம் இறங்கிவிடும்.

மட்டி இருக்கும் இடத்தை மணலே காட்டிக்கொடுக்கும். அது தன் குழலை உள்ளிழுக்கும்போது மேலே சிறு துளையோ பள்ளமோ தெரியும். அருகில் கால் வைத்தால் நீர் பீறிட்டு அடிக்கும். துளையின் வடிவத்தைக் கண்டே கீழே எந்த வகை, எவ்வளவு ஆழம் என்று சொல்வது பழகியவர் திறமை.

பெண்ணின் கோலும் ஆணின் கல்லும்

இக்கரையின் தொல்குடிச் சமூகங்களில் மட்டி தோண்டுதல் பெரும்பாலும் பெண்களின் வேலை. அதற்கான கருவி, யூ போன்ற வைரம் பாய்ந்த மரத்தில் செய்து முனையை நெருப்பில் வாட்டி இறுக்கிய அகழ்கோல். தேவதாரு வகை மரங்களின் வேரிலும் கிளையிலும் இடைவெளி விட்டுப் பின்னிய கூடைகளில் மட்டியை இட்டுக் கடல்நீரில் அலசினால் மணல் வெளியேறிவிடும். அக்கூடைகள் அதற்காகவே அப்படிப் பின்னப்பட்டன.

ஆண்கள் கடலில் மீனும் சீலும் பிடித்தனர். பெண்கள் கரையில் மட்டி சேர்த்தனர். இப்படிப் பிரித்துச் சொல்வது பொதுவாகச் சரியே. ஆனால் நடைமுறையில் அது குடும்ப வேலையாகவே இருந்தது. தொலைவிலுள்ள தீவுக்குப் படகு செலுத்துவதும், விறகு சேர்ப்பதும், கல்லைப் புரட்டுவதும், சுமை தூக்குவதும் வீட்டார் அனைவரின் பங்கு. குழந்தைகள் மேலோட்டமாகக் கிடப்பதைப் பொறுக்கினர்.

மட்டி அன்றைய உணவு மட்டுமன்று. குழியில் கற்களைச் சூடாக்கி, கடற்பாசியும் பாயும் மூடி ஆவியில் வேகவைப்பர். வெந்த சதையைக் குச்சிகளில் கோத்து, நெருப்பருகே வாட்டி உலர்த்துவர். அவ்வாறு உலர்ந்த மட்டி மாதக்கணக்கில் கெடாது. சால்மன் மீன் வராத காலத்துக்கு அதுவே கைப்பொருள். கடலைக் காணாத உள்நாட்டு மக்களுடன் பண்டமாற்றுச் செய்யவும் பயன்பட்டது. ‘கடல் வற்றினால் பந்தி விரித்தாயிற்று’ என்ற பொருளில் இக்கரையில் வழங்கும் சொலவடை இதையே சுட்டுகிறது.

உண்டு எறிந்த ஓடுகள் ஊர்களின் அருகே மேடுகளாகக் குவிந்தன. இன்றைய வான்கூவர் நகருக்குள் ஃபிரேசர் ஆற்றங்கரையில் உள்ள மார்போல் ஓட்டுமேடு இவற்றுள் புகழ்பெற்றது. 1884இல் சாலை வேலையின்போது அது வெளிப்பட்டது. 1933இல் கனடாவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மஸ்குவியம் மக்கள் அதைத் தம் மூதாதையர் ஊராகவும் இடுகாடாகவும் கருதுகின்றனர். கட்டுமானத் திட்டம் ஒன்றை எதிர்த்துப் போராடிய பின், 2013இல் அந்நிலத்தின் ஒரு பகுதியை அவர்கள் விலைக்கு வாங்கினர்.

திருமணம் திறந்துவிட்ட கரைகள்

மட்டிக் கரைகள் யாருக்கும் சொந்தமில்லாத பொதுவெளி என்று பின்னாளில் வந்தேறிய ஐரோப்பியர் எண்ணினர். அது தவறு. கரையோர சலீஷ் மக்களிடையே பல ஆண்டுகள் ஆய்வு செய்த மானிடவியலாளர் வேய்ன் சட்டில்ஸ், நல்ல மட்டிப் படுகைகளும் கிழங்கு நிலங்களும் சில இடங்களில் குறிப்பிட்ட உறவுக்குழுக்களின் உரிமையாக இருந்ததை எடுத்துக்காட்டினார். உரிமையுடையவர் ஏற்றுக்கொண்டால் உறவினர் வந்து தோண்டலாம். உறவில்லாதவருக்கு அது எளிதன்று.

இங்கேதான் திருமணம் முக்கியமாகிறது. உயர்குடியினர் தம் ஊருக்கு வெளியே, முடிந்தால் வேற்றுமொழி பேசும் ஊரில், பெண் கொடுத்துப் பெண் எடுத்தனர். ஒருத்தியை மணந்தவனுக்கு அவள் பிறந்த வீட்டார் கரைகள் அயல் கரைகள் அல்ல. அவளுக்கும் கணவன் வீட்டார் கரைகள் அப்படியே. பிள்ளைகளுக்கு இரு பக்கமும் உரிமை. ஒரு குடாவில் மட்டி குறைந்த ஆண்டில் இன்னொரு குடாவுக்குப் போக உறவு வழி திறந்திருந்தது.

1960இல் வெளியான கட்டுரையில் சட்டில்ஸ் இன்னொரு வழக்கத்தையும் விளக்கினார். ஓர் ஊரில் மட்டியோ மீனோ மிகுதியாகக் கிடைத்தால், அதை எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போவார்கள். சம்பந்தி அதைத் தம் ஊராரை அழைத்துப் பகிர்ந்து உண்பார். கொண்டுவந்தவருக்குக் கம்பளம் முதலிய செல்வம் கொடுத்து அனுப்புவார். பின்னொரு காலத்தில் அதே பயணம் எதிர்த்திசையில் நடக்கும். மகன் அல்லது மகளின் மாமனார் மாமியாரைக் குறிக்க ஆங்கிலத்தில் பழகிய ஒரு சொல் இல்லாததால் சட்டில்ஸ் நீண்ட தொடர் ஒன்றைப் பயன்படுத்த நேர்ந்தது. ‘சம்பந்தி’ என்ற ஒரே சொல்லால் அதைச் சொல்லிவிடும் தமிழ் வாசகருக்கு இந்த ஏற்பாட்டின் உள்ளோட்டம் எளிதில் பிடிபடும். உணவு இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும் நாட்டில், கல்யாண உறவே காப்பீடாக இருந்தது என்பதே அவர் கண்ட முடிவு.

ஆக, பழைய முறையில் கரையில் நின்று தோண்டிய பெண் தனியொருத்தி அல்லள். அவள் பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டும் அந்த அகழ்கோலின் பின்னால் நின்றன.

மட்டித் தோட்டங்கள்

தொல்குடிகள் இயற்கை தந்ததைப் பொறுக்கி உண்டவர்கள் மட்டுமே என்ற கருத்து 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை வலுவாக இருந்தது. 1995இல் கடற்கரை நிலவியலாளர் ஜான் ஹார்ப்பர், பிரிட்டிஷ் கொலம்பியாவின் பிரௌட்டன் தீவுக்கூட்டத்தை ஹெலிகாப்டரிலிருந்து ஆய்வு செய்தபோது, மிகத் தாழ்ந்த நீர்மட்டத்தை ஒட்டிக் கற்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டார். அலையோ பனியாறோ அப்படி அடுக்கியிருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அவை எதற்காக என்று தெரியவில்லை.

விடை தொல்குடி மக்களிடம் ஏற்கெனவே இருந்தது. குவாகுவாகியவாக் மக்களின் தலைவர்களுள் ஒருவரும் மரபறிவு மிக்கவருமான ஆடம் டிக், இவற்றுக்குத் தம் மொழியில் ‘லோக்கிவே’ என்ற பெயர் உண்டு என்றும், அது கற்களை உருட்டிச் சேர்ப்பதைக் குறிக்கும் என்றும் ஆய்வாளர்களுக்கு எடுத்துச் சொன்னார். ஜூடித் வில்லியம்ஸ் 2006இல் வெளியிட்ட நூல் இந்த மட்டித் தோட்டங்களைப் பொது வாசகர்களிடம் கொண்டுசென்றது.

இதன் செயல்முறை எளிது. கரையின் கீழ் விளிம்பில், மிகத் தாழ்ந்த வற்றின்போது மட்டும் எட்டக்கூடிய இடத்தில், கற்களை உருட்டித் தாழ்வான சுவர் எழுப்புவர். அலை கொண்டுவரும் மணலும் உடைந்த ஓடும் சுவருக்கு உட்புறம் படியும். சரிவாக இருந்த கரை காலப்போக்கில் சமமான திட்டாகும். மட்டி நன்கு வளர்வதற்கு ஏற்ற நீர்மட்ட எல்லை மிகக் குறுகியது. கரையைச் சமமாக்கினால் அந்த எல்லைக்குள் அமையும் பரப்பு விரிகிறது. கல்லை அகற்றுவதால் மண் இளகும். ஆண்டுதோறும் கிளறித் தோண்டுவதால் மண்ணுக்குள் காற்றும் நீரும் புகும். சிறியதை விட்டுப் பெரியதை எடுப்பதால் நெரிசல் குறையும். உழுது, களையெடுத்து, அறுவடை செய்யும் வேளாண்மைக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

இந்த முறையின் பயன் அளவிட்டும் காட்டப்பட்டுள்ளது. குவாட்ரா தீவுப் பகுதியில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு, சுவருள்ள கரைகளில் சுவரில்லாத கரைகளைவிடப் பட்டர் மட்டி 4 மடங்கும் லிட்டில்நெக் மட்டி 2 மடங்குக்கு மேலும் இருப்பதாகக் கண்டது. அதே தீவில் சுவர்களின் காலத்தைக் கணித்து 2019இல் வெளியான ஆய்வு, அவற்றுட் சில குறைந்தது 3,500 ஆண்டுகள் பழமையானவை என்று காட்டியது. எழுத்தாவணம் எதுவும் இல்லாத ஒரு நீண்ட உழைப்பின் வரலாறு இக்கற்களில் பதிவாகியுள்ளது. ஒவ்வொரு வற்றிலும் சில கற்கள் என்ற கணக்கில், பல தலைமுறைக் குடும்பங்கள் சேர்ந்து எழுப்பிய கட்டுமானம் இது.

1854-55 உடன்படிக்கைகள்

வாஷிங்டன் பகுதியின் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ், 1854 டிசம்பர் 26 அன்று மெடிசின் கிரீக் என்ற இடத்தில் தொடங்கி, 1855 ஜனவரியில் பாயிண்ட் எலியட், பாயிண்ட் நோ பாயிண்ட், நியா பே ஆகிய இடங்களில் அடுத்தடுத்துத் தொல்குடிகளுடன் உடன்படிக்கைகள் செய்தார். பேச்சுவார்த்தை பெரும்பாலும் சினூக் ஜார்கன் எனும் வணிகக் கலப்பு மொழியில் நடந்தது. சில நூறு சொற்களே கொண்ட அம்மொழியில் நிலவுரிமை, எல்லை, ஒதுக்கீடு போன்ற கருத்துகளை எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியும் என்பது இன்றும் எழும் கேள்வி.

தொல்குடிகள் நிலத்தை விட்டுக்கொடுத்தனர். ஆனால் வழக்கமாக மீன்பிடித்த இடங்களிலெல்லாம் குடிமக்கள் அனைவருடனும் சேர்ந்து மீன்பிடிக்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். அதோடு ஒரு வரையறையும் எழுதப்பட்டது: குடிமக்கள் எல்லைக்கழி நட்டோ பயிரிட்டோ வைத்துள்ள படுகைகளிலிருந்து சிப்பி, மட்டி எடுக்கக் கூடாது. அன்று ஒதுக்குப்புற வாசகமாகத் தோன்றிய இந்த ஒற்றை வரி, ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பெரிய வழக்கின் மையமாயிற்று.

கரை விற்பனைக்கு வந்த காலம்

1889இல் வாஷிங்டன் மாநிலமானது. 1895இல் இயற்றப்பட்ட புஷ் சட்டம், கேலோ சட்டம் ஆகிய இரண்டும் சிப்பி வளர்ப்புக்காக ஓதநிலங்களைத் தனியாருக்கு விற்க வழி செய்தன. மாநிலம் ஓதநிலங்களை விற்பதை 1971இல்தான் நிறுத்தியது. அதற்குள் மாநிலத்தின் ஓதநிலங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தனியார் கைக்குப் போயிருந்தன. வற்று நேரத்தில் வெளிப்படும் கரைக்கும் பத்திரம், வேலி, உரிமையாளர் என்ற நிலை அங்கே உருவானது இவ்வாறே.

இதன் சுமை யார்மீது விழுந்தது என்பதற்கு கிகிசோப்ளு என்ற பெண்ணின் வாழ்க்கை சான்று. சியாட்டில் நகருக்குப் பெயர் தந்த தலைவர் சியால்த்தின் மூத்த மகள் அவர். வெள்ளையர் அவரை ‘இளவரசி ஏஞ்சலின்’ என்று அழைத்தனர். 1865இல் சியாட்டில் ஊராட்சி, தொல்குடிகள் ஊருக்குள் குடியிருப்பதைத் தடுக்கும் ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. ஏஞ்சலின் ஒதுக்கிடத்துக்குப் போக மறுத்து, நகரின் கடலோரத்தில் சிறு குடிசையில் வாழ்ந்தார். வீடுகளுக்குத் துணி வெளுத்தும், கூடை பின்னி விற்றும், வற்று நேரத்தில் மட்டி தோண்டியும் பிழைத்தார். 1890களின் நடுவில் நிழற்பட வல்லுநர் எட்வர்டு கர்டிஸ் அவரைப் படமெடுத்தார். தொல்குடிகளைப் படமெடுப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட கர்டிஸின் தொடக்க காலப் படங்களுள் அவையும் அடங்கும். 1896 மே 31 அன்று ஏஞ்சலின் இறந்தார். அவர் வாழ்ந்த காலத்துச் சேற்றுக்கரைகளில் பெரும்பகுதி பின்னர் மண்ணிட்டு நிரப்பப்பட்டது. டுவாமிஷ் ஆற்று முகத்துவாரத்தில் 1909இல் ஹார்பர் தீவு உருவானது. இன்று அது சரக்குத் துறைமுகம்.

வேறு கரைகளில் மட்டி வணிகப் பொருளாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரேசர் மட்டியைத் தகரப் பெட்டியில் அடைக்கும் ஆலைகள் வெளிக்கரையில் தோன்றின. தோண்டுவோரில் தொல்குடிக் குடும்பங்களும் குடியேறிய குடும்பங்களும் இருந்தனர். 1930களில் ஜப்பானிலிருந்து சிப்பிக் குஞ்சுகளோடு தற்செயலாக வந்துசேர்ந்த மணிலா மட்டி இக்கரையில் வேரூன்றி, இன்று அங்கு வளர்க்கப்படும் மட்டிகளில் முதலிடம் பெற்றுள்ளது.

வழக்கு மன்றத்தில் மட்டி

உடன்படிக்கை ஏட்டில் இருந்தாலும், 20ஆம் நூற்றாண்டில் ஒதுக்கிடத்துக்கு வெளியே மீன்பிடித்த தொல்குடிகளை மாநில அரசு கைது செய்தது. பின்னாளில் போராட்டத் தலைவராக விளங்கிய பில்லி ஃபிராங்க், நிஸ்குவாலி ஆற்றில் 1945இல் முதன்முறை கைதானபோது அவருக்கு வயது 14. 1960களிலும் 70களிலும் இந்த மோதல் ‘மீன் போர்கள்’ என்று பெயர்பெறும் அளவுக்கு முற்றியது.

சட்ட அடிப்படை ஒன்று முன்பே உருவாகியிருந்தது. 1905இல் வினான்ஸ் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம், உடன்படிக்கை என்பது தொல்குடிகளுக்கு அரசு கொடுத்த கொடை அன்று, தம்மிடமிருந்து அவர்கள் அரசுக்குக் கொடுத்தது என்று கூறியது. கொடுக்காமல் வைத்துக்கொண்டவை அவர்களுடையவையே. நிலம் தனியாருக்குப் போனாலும் அந்த உரிமை அழியாது. 1974 பிப்ரவரி 12 அன்று நீதிபதி ஜார்ஜ் போல்ட், ‘குடிமக்களுடன் சேர்ந்து’ என்ற தொடருக்கு, பிடிக்கத்தக்க மீனில் பாதி வரை தொல்குடிகளுக்கு உரியது எனப் பொருள் கண்டார். 1979இல் உச்சநீதிமன்றம் அதைப் பெரும்பாலும் உறுதிசெய்தது.

அத்தீர்ப்பு சால்மனைப் பற்றியது. மட்டி, சிப்பிக்கும் அதே உரிமை பொருந்துமா என்ற வழக்கைத் தொல்குடிகள் 1989இல் தொடுத்தனர். எதிர்வாதம் இதுதான்: கரையை விலைக்கு வாங்கி எல்லை போட்டுவிட்டால், அதுவே ‘எல்லைக்கழி நட்ட படுகை’, அங்கே தொல்குடிகளுக்கு உரிமை இல்லை. 1994 டிசம்பர் 20 அன்று நீதிபதி எட்வர்டு ரஃபீடி இதை ஏற்க மறுத்தார். 1855இல் அத்தொடர் மனிதர் வளர்த்த செயற்கைப் படுகைகளையே குறித்தது என்றும், தானாக விளையும் மட்டியில் பாதி தொல்குடிகளுக்கு உரியது என்றும், அக்கரை தனியாருடையதாக இருந்தாலும் இது பொருந்தும் என்றும் தீர்ப்பளித்தார். முன்னறிவிப்பு, தோண்டும் நாள்கள் முதலியவற்றுக்கு நிபந்தனைகளும் விதித்தார். 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைப் பெரும்பாலும் நிலைநிறுத்தியது. 1999இல் உச்சநீதிமன்றம் தலையிட மறுத்தது. வணிக வளர்ப்பாளர்களின் படுகைகள் தொடர்பான சிக்கல் 2007இல் 3.3 கோடி டாலர் உடன்பாட்டால் தீர்ந்தது.

வழக்கில் ஒரு முரண் ஒளிந்திருந்தது. பயிரிடப்பட்ட படுகையைப் பயிரிட்டவருக்கு விட வேண்டும் என்பது உடன்படிக்கையின் வரையறை. ஆனால் இந்தக் கடலில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படுகைகளைப் பயிரிட்டு வந்தோரில் தொல்குடிகளே முன்னோடிகள். உடன்படிக்கை எழுதிய காலத்திலும், தீர்ப்பு வந்த 1994இலும் நிலவியலாளர்களின் பார்வைக்கு அந்தக் கற்சுவர்கள் எட்டியிருக்கவில்லை. ஹார்ப்பரின் ஹெலிகாப்டர் பறந்தது தீர்ப்புக்கு அடுத்த ஆண்டுதான்.

ஒருவருக்கு ஒரு வாளி

இன்று வாஷிங்டன் மாநிலத்தில் பொழுதுபோக்காக மட்டி தோண்ட, 15 வயது நிரம்பிய எவரும் உரிமச்சீட்டு வாங்க வேண்டும். பியூஜெட் சவுண்டில் பொதுவான வரம்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 40 மட்டி, அல்லது ஓட்டுடன் 10 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 4.5 கிலோ, இவற்றில் எது முதலில் எட்டுகிறதோ அதுவே எல்லை. ரேசர் மட்டி என்றால் முதலில் கிடைக்கும் 15. சிறியது, உடைந்தது என்று கழிக்க முடியாது. தோண்டிய குழியை மூடிவிட்டே வர வேண்டும். குழியருகே குவித்த மண்ணின் கீழ் அகப்படும் சிறு மட்டிகள் மூச்சுத்திணறி இறந்துவிடும் என்பதே அதற்குக் காரணம்.

தம்பதியர் பலர் வியக்கும் விதி ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் தம் பங்கைத் தாமே தோண்ட வேண்டும். தம் வாளியிலேயே வைத்திருக்க வேண்டும். மனைவி கரையில் அமர்ந்திருக்கக் கணவன் இருவர் பங்கையும் தோண்டுவது குற்றம். இருவர் மட்டியையும் ஒரே வாளியில் போடுவதும் கூடாது. உடல் ஊனமுற்றோருக்கு மட்டும் மற்றவர் தோண்டித்தரத் தனி அனுமதி உண்டு. ஆளுக்கு இவ்வளவு என்று எண்ணாவிட்டால் வரம்பைக் காக்க முடியாது என்பதால் இவ்விதிக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் இதன் பின்னுள்ள மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். பழைய முறையில் குடும்பமே அலகு. கல்யாணமே கரையைத் திறந்தது. இன்றைய முறையில் தனி மனிதரே அலகு. ஒரே வீட்டில் வாழும் இருவர் கரையில் கால் வைத்ததும் இரு வேறு கணக்குகளாகி விடுகின்றனர்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

உரிமை இருந்தால் மட்டும் போதாது; கிடைத்தது உண்ணத்தக்கதாகவும் இருக்க வேண்டும். 1793 ஜூன் 15 அன்று, ஜார்ஜ் வான்கூவரின் கடற்பயணக் குழுவைச் சேர்ந்த ஜான் கார்ட்டர் என்ற மாலுமி, இன்றைய பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையில் காலை உணவாகக் கடற்சிப்பி உண்டு சில மணி நேரத்தில் இறந்தார். அந்த இடம் ‘நஞ்சுக் குடா’ என்ற பொருளில் பெயர்பெற்றது. சில நுண்பாசிகள் பெருகும்போது அவற்றை வடித்து உண்ணும் மட்டி, சிப்பிகளில் நரம்பைத் தாக்கும் நஞ்சு சேர்வதே காரணம். வேகவைத்தாலும் உறையவைத்தாலும் இந்நஞ்சு போகாது. பட்டர் மட்டியில் அது ஓராண்டுக்கு மேலும் தங்கக்கூடும்.

1987இல் கனடாவின் கிழக்கே பிரின்ஸ் எட்வர்டு தீவுச் சிப்பிகளில் டொமோயிக் அமிலம் எனும் மற்றொரு நஞ்சு முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. நினைவாற்றலையே அழிக்கும் தன்மை அதற்கு உண்டு. 1991இல் அது வாஷிங்டனின் ரேசர் மட்டியில் தோன்ற, கரைகள் மூடப்பட்டன. அன்று முதல் சோதனை முடிவு வந்த பிறகே கரை திறக்கப்படுகிறது. தோண்டப் போகுமுன் ஓத அட்டவணையோடு சுகாதாரத் துறையின் அறிவிப்பையும் பார்ப்பது அங்கே கட்டாயப் பழக்கம்.

வெப்பமும் புதிய அச்சுறுத்தலாகியுள்ளது. 2021 ஜூன் இறுதியில் வரலாறு காணாத வெப்ப அலை வீசியபோது, ஆழ்ந்த வற்றுகள் நடுப்பகலை ஒட்டி அமைந்தன. வெயிலில் வெளிப்பட்டுக் கிடந்த கரைகளில் மட்டியும் சிப்பியும் பிற உயிர்களும் கூட்டமாக மடிந்தன. உயிரியலாளர் கிறிஸ்டோபர் ஹார்லியின் மதிப்பீட்டில் இறந்த கடலுயிர்கள் நூறு கோடிக்கும் மேல்.

மீண்டும் எழும் சுவர்

பழைய தோட்டங்களைச் சீர்செய்யும் பணி கனடாவில் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவில் 2014 முதல் நடந்து வருகிறது. தொல்குடி முதியோரும் பூங்கா ஊழியரும் இளைஞரும் வற்று நேரத்தில் ஒன்றுகூடிச் சரிந்த கற்களை மீண்டும் அடுக்குகின்றனர். 2022இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்வினோமிஷ் மக்கள் தம் ஒதுக்கிடக் கரையில் புதிய மட்டித் தோட்டம் ஒன்றை எழுப்பினர். இக்காலத்தில் அமெரிக்காவில் புதிதாகக் கட்டப்பட்ட முதல் மட்டித் தோட்டமாக அது அறியப்படுகிறது. நூற்றுக்கணக்கானோர் கைமாற்றிக் கைமாற்றிக் கற்களைச் சுமந்து அதை அமைத்தனர்.

புதிய சுவரின் பின்னால் மணல் படிந்து கரை சமமாக ஆண்டுகள் பல ஆகும். கல் சுமந்தவர்களில் முதியோருக்கு அதன் முழு விளைச்சல் கிடைக்காமல் போகலாம். 3,500 ஆண்டுகளுக்கு முன் குவாட்ரா தீவில் முதல் கல்லை உருட்டிய குடும்பத்துக்கும் அதே நிலைதான். தாம் உண்பதற்காக மட்டுமன்றி, மகள் மணந்துவரும் வீட்டாரும் அவர்கள் பிள்ளைகளும் உண்பதற்காகவும் அவர்கள் அதைச் செய்தனர். இக்கரையின் உரிமை வரலாற்றைப் படிப்போர் உடன்படிக்கையின் வாசகங்களோடு இந்தக் கற்களையும் ஓர் ஆவணமாகக் கொள்வது தகும்.